வார் இல்லாத பலகை

ஜனவரி 2, 1997. வியாழன்

காலையில் நல்ல குளிர். குழாயில் தண்ணீர் வந்த நாள். டிரம், தவலை, அண்டா எல்லாம் நிரப்பியாயிற்று. நிரப்பியவர் தே. நான் குழாயை மூடினேன்.

புது டைரி. பம்பு செட் ஏஜென்சியில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மோட்டார் படம். இந்த வருஷம் சுருக்கமாக எழுதுவதாக முடிவு. தே. என்றால் தேவராஜ், என் வீட்டுக்காரர், பிளைவுட் வளைக்கிற பட்டறைக்காரர். கா.பாய் என்றால் காதர் பாய், பட்டறையில் வார்னிஷ் வேலை அவருடையது. வேறு யாரையும் நான் தினமும் பார்ப்பதில்லை. வீடு, வீட்டுக்குப் பின்னால் பட்டறை, ஞாயிறு சர்ச், மாதம் ஒரு டாக்டர். கோயமுத்தூர் இவ்வளவு சின்ன ஊராகி இரண்டு வருஷம்.

சர்ச்சில் புது வருஷ ஆராதனையில் போதகர் ஐயர் சொன்னார், நன்றி சொல்ல வேண்டியதை எழுதி வையுங்கள் என்று. எழுதுகிறேன்.

போன வருஷம் வாந்தி இல்லை.
தலைசுற்றல் மழைக்காலத்துக்கு அப்புறம் ஒருமுறைகூட இல்லை.
தே.வின் வலது கை. அதைப் பிடிக்காமல் வாசல்படி தாண்டியதில்லை.
இன்று முள்ளங்கி சாம்பார். நானே மெச்சிக்கொள்ளும்படி வந்தது.

ஜனவரி 4. சனி

டாக்டர். கண்ணுக்கு எதிரே விரலை ஆட்டினார், படுக்க வைத்தார், தலையை வெடுக்கென்று திருப்பினார். வழக்கமான சர்க்கஸ்.

"காதுக்குள்ள இருந்த கோளாறு எப்பவோ சரியாயிடுச்சுங்க. இப்ப உங்களுக்கு இருக்கறது பயம் மட்டும்தான். நான் சொன்ன பயிற்சி, தலையணை மேல நிக்கறீங்களா?"

"நிக்கறேன் டாக்டர்."

"எதையும் புடிக்காம?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன், ஒரு வருஷமாக. தே. சொன்னார், "புடிச்சா என்னங்க டாக்டர், பாதுகாப்புதானே." டாக்டர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்று தெரியவில்லை.

சாயந்திரம் எச்.எம். போன். சரவணம்பட்டி பள்ளிக்கூடத்தில் என் டிராயிங் டீச்சர் வேலையை இதுவரை பிடித்து வைத்திருந்ததே அந்த அம்மாவின் புண்ணியம். இனி முடியாதாம். "பிப்ரவரி முதல் வாரம் வரீங்களா இல்லையான்னு சொல்லிப்போடுங்க கிரேஸ். வேற ஆளு போடச் சொல்றாங்க."

நாங்கள் இருக்கிற கணபதியிலிருந்து சரவணம்பட்டி என்ன தூரம். ஒரே பஸ். ஆனால் சத்தி ரோட்டைத் தாண்ட வேண்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். போர்டில் எழுத எக்கி நிற்க வேண்டும். எக்கி நின்றபோதுதான் அன்றைக்கு வகுப்பறையே கவிழ்ந்து என்மேல் விழுந்தது. கையில் சாக்பீஸ், முன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கத்துகிறார்கள்.

தே. சொல்கிறார், "எதுக்கு அம்மணி? இங்க பட்டறைக்கு டிராயிங் போட்டுத் தர்றியே, அதுவே போதும். நாந்தான் இருக்கறனே."

இருக்கிறார். அதற்கு நன்றி. ஆனாலும் வேலை வேண்டும் எனக்கு.

ஜனவரி 7. செவ்வாய்

வெயில். வடகம் காயப் போட்டேன்.

திருப்பூரிலிருந்து முருகேசன் வந்திருந்தார். பனியன் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் வெளிநாட்டு ஆட்களைக் கவனித்துக்கொள்கிறவர். ஒரு சாக்குப்பையில் பலகை ஒன்று. வெறும் மரம், பூச்சு எதுவும் இல்லை, முன்னும் பின்னும் நுனி மேலே தூக்கியிருக்கிறது. கூடவே சுருட்டிய இரண்டு ஷீட். ஒன்று வழுவழு, ஒன்று சொரசொர. அப்புறம் ஒரு ஃபேக்ஸ். வெயிலில் வைத்ததில் பாதி எழுத்து மங்கிவிட்டது.

"பனி மேல போறதுங்க. ஸ்னோ ஸ்கேட்டுங்கறாங்க. டிவியில சக்கரம் வெச்ச பலகையில பசங்க போவாங்கல்லங்க, அதுல சக்கரத்தைக் கழட்டிப்போட்டா இதுதானுங்க."

பனியன் வாங்க வருகிற எரிக் என்பவருக்கு அவர் ஊரில் பனிக்காலக் கடை ஒன்றும் உண்டாம். பள்ளிக்கூட நாற்காலிக்கு முதுகு வளைக்கிற பட்டறை இதையும் வளைத்துவிடும் என்று இவர்தான் சொல்லி வைத்திருக்கிறார். மூன்று சாமான் கேட்டிருக்கிறார் எரிக். நின்று போக இந்தச் சின்னப் பலகை. மூக்கில் கயிறு கட்டிய நீளப் பலகை. உட்கார்ந்து போக ஒரு வட்டத் தட்டு. மூன்றிலும் காலைக் கட்டுகிற வார் கூடாது.

நான் கேட்டேன், கட்டாமல் எப்படி நிற்பது?

"நானும் அதையேதான் கேட்டனுங்க. கட்டிப்போட்டா உழுகறப்ப பலகையோட சேந்து காலும் திருகிக்கும்ங்கறாரு. கட்டலைன்னா பலகை ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். எந்திரிச்சு மறுபடி ஏறிக்க வேண்டியதுதானாம்."

இன்னொரு நிபந்தனை. செய்தபின் எடை குறைந்த ஒருவர் ஏறிப் பார்த்து, காலுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். வாங்குவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளாம்.

பனியே பார்க்காத ஊரில் பனிப் பலகை. முருகேசன் காபி குடித்துவிட்டுப் போனபிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 9. வியாழன்

வளைக்கிற அச்சு தயார். மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, அழுத்துகிற பிரஸ்ஸில் வைத்து எடுத்தாயிற்று. மூன்று சாமானும் என் டிராயிங்படி வந்திருக்கின்றன. நன்றி. (நான் போட்ட கோடு ஒரு பொருளாகி வெளியே வருவதைப் பார்க்கிற சந்தோஷம் வகுப்பறையில் கிடைப்பதே இல்லை என்பதையும் எழுத வேண்டும்.)

ஷீட் ஒட்டும்போது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. வழுவழு ஷீட் மேலே, மேசைக்கு மைக்கா ஒட்டுவதுபோல. சொரசொர ஷீட் அடியில், செருப்புக்கும் டயருக்கும் இருப்பதுபோல. வழுக்குகிற தரையில் போகிற சாமான், அடி பிடிப்பாக இருக்க வேண்டாமா. கா.பாய் அதோடு நிற்கவில்லை. மைக்காமேலே மெழுகு போட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்ததில், குனிந்தால் என் மூக்குத்தி தெரிகிறது.

"வெளிநாட்டுக்குப் போற சாமானுங்க டீச்சரம்மா. நம்ம பட்டறை பேரு தெரியணுமில்லீங்களா."

யார் ஏறிப் பார்ப்பது? தே. ஏறினால் பலகை முனகுகிறது. கா.பாய்க்கு முழங்கால் வலி. பிரஸ் ஓட்டுகிற இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

"நான் ஏறறேன்," என்றேன்.

தே. என்னைப் பார்த்த பார்வை! நான் கூரையிலிருந்து குதிக்கிறேன் என்று சொன்னதுபோல.

"உனக்குத் தரையிலயே நிக்க முடியலியே அம்மணி."

"தலையணை மேல நிக்கறனுங்களே. இதுவும் ஒரு தலையணைதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்டர் சிரித்த அந்தச் சிரிப்பு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஜனவரி 10. வெள்ளி

சிரித்துச் சிரித்து விலா வலி. விழுந்ததில் இடுப்பும் வலி. வரிசையாக எழுதுகிறேன்.

பனிக்கு எங்கே போவது? மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் கொடுக்கிற ஃபேக்டரியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ். அங்கேயே மெஷினில் அரைத்து, மரத்தூள் சாக்கில் மூட்டையாகக் கட்டி, டெம்போவில் வந்தது. பட்டறையில் இரண்டு பிளைவுட் ஷீட்டைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் கொட்டினார்கள். லேசாக மீன் வாசனை. பக்கத்து லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இவ்வளவு ஐஸு, கல்யாணமுங்களா?" என்றார்.

கேன்வாஸ் ஷூ, பழைய வாயில் புடவை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். தே. வலது பக்கம் என் முழங்கையைப் பிடித்தார். ஏறினேன்.

பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. அடியில் இருந்த சொரசொரப்பு ஐஸைக் கவ்விக்கொண்டது. மேலே கா.பாயின் மெழுகு. என் இரண்டு கால்களும் கண்ணாடியில் வைத்த எண்ணெய்போலப் போய்விட்டன. தே.வின் கையில் என் வளையல் மட்டும் மிஞ்சியது. நான் ஐஸ் குவியலில், இடுப்புவரை.

"அம்மணி! அம்மணி!" என்று தே. அலறியபடி என்னைத் தூக்க வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இருங்க. தூக்காதீங்க."

கூரையைப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதன் ஓட்டையில் வெளிச்சம். நின்றது. சுற்றவில்லை. பிரஸ் நின்ற இடத்தில் நின்றது, சுவர் நின்ற இடத்தில் நின்றது. இரண்டு வருஷமாக நான் பயந்து பயந்து தள்ளிப்போட்ட அந்த விழுதல் நடந்து முடிந்துவிட்டது. குளிர்ந்ததைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. கர்த்தாவே, ஸ்தோத்திரம். மீன் ஐஸில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தே.வுக்கு முகம் வெளுத்துவிட்டது. மதியம் சாப்பிடவில்லை. "போதும் இந்த விளையாட்டு. முருகேசனுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிப்போடறேன்."

கா.பாய் வாசலில் நின்று இழுத்து இழுத்துச் சொன்னார், "எம் மெழுகுனாலதானுங்க." நாளையோ மறுநாளோ நோன்பு ஆரம்பம், பிறை பார்த்துச் சொல்வார்கள். அந்த நேரத்தில் இப்படி ஒரு மனக்கஷ்டம் அவருக்கு. இல்லை பாய், உங்களால் எனக்கு ஒரு நல்லது நடந்தது என்று சொன்னேன். நம்பவில்லை.

ஜனவரி 11. சனி

காலையில் சட்னி அரைக்கும்போது பிடிபட்டது. பலகை நகரவில்லை, நான் நகர்ந்தேன். நடந்திருக்க வேண்டியது தலைகீழ். காலைக் கட்ட வார் இல்லை என்றால், காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியது பலகையின் மேல்பக்கம்தான். வழுக்க வேண்டியது அடி. சொரசொர மேலே! வழுவழு கீழே!

ஓடிப் போய்ச் சொன்னேன். (ஓடினேனா? வேகமாகப் போனேன், சுவரைத் தொட்டுக்கொண்டே.) எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷம் மேசை, நாற்காலி, கேரம் போர்டு செய்த கைகள். பளபளப்பை அடியில் ஒட்டுவது என்றால் சட்டையைத் திருப்பிப் போடுவதுபோல அவர்களுக்கு. தே. முடியாது என்று சொல்வதற்கு முன்னால் நானே முருகேசனிடம் போனில் கேட்டால், "அட ஆமாங்க, ஃபேக்ஸ்ல மேல்பக்கம்னு எதுக்கோ அம்புக்குறி போட்டிருந்துதுங்க, அழிஞ்சுபோச்சுங்க," என்கிறார். முதல் நாளே கேட்டிருக்கலாம். யாருமே கேட்கவில்லை. எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி, ஈரத்துணி போட்டுத் தேய்த்து, பசை இளக இளக ஷீட்டை உரித்தோம். என் இஸ்திரிப் பெட்டி போயே போச்சு. மாற்றி ஒட்டியாயிற்று. கா.பாய் சொரசொர மேல்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்து, "இதுக்குமேல ஒண்ணும் போடக் கூடாதுங்களா?" என்றார், பாவமாக. ஓரத்துக்கு மட்டும் வார்னிஷ் போடச் சொன்னேன். முகம் மலர்ந்தது. ஓரம் இப்போது வீணை மாதிரி மின்னுகிறது.

ஐஸ் எல்லாம் கரைந்து ஓடிவிட்டது. பக்கத்து லேத் பட்டறைக்குள்ளும் கொஞ்சம் போயிற்று. மன்னிப்புக் கேட்டோம்.

ஜனவரி 14. செவ்வாய்

பொங்கல். எதிர் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல், கரும்பு. இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்ததில் எங்கள் அடுப்பு இன்று எரியவே இல்லை. நன்றி, நன்றி.

தலையணைமேல் பலகை, பலகைமேல் நான், ஜன்னல் கம்பியில் ஒரு விரல். ஒரே ஒரு விரல். நேற்றுவரை முழுக்கை.

தே.விடம் ஊட்டிக்குப் போகலாமா என்றேன். அவருடைய அக்கா எஸ்தர் அங்கேதான், வீட்டுக்குப் பின்னால் புல் சரிவு. இந்த மாதம் விடியலில் உறைபனி விழும், புல் வெள்ளையாகக் கிடக்கும். ஐஸ் மூட்டை தேவையில்லை.

"நீ போறது பலகைக்காகவா, வேற எதுக்காகவா?"

"ரெண்டுக்கும்தானுங்க."

"அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல நீ உழுந்தப்ப எனக்கு எப்படி இருந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். ராத்திரியெல்லாம் வாந்திக்குப் பேசினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். என் தலைக்கு எண்ணெய் வைத்து விட்டவர். அதற்கெல்லாம் எத்தனை முறை நன்றி எழுதினாலும் போதாது. ஆனால் நன்றி சொல்லிச் சொல்லியே நான் அவர் கையில் ஒரு பையாகிவிட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பிறகு அவராகவே, "சனிக்கெழம போலாம். நான் புடிச்சுக்குவேன். சரின்னா வா," என்றார். சரி என்றேன்.

ஜனவரி 18. சனி. ஊட்டி

மேட்டுப்பாளையம்வரை பாட்டு, அதற்குமேல் கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி. நானும். ஆனால் இது எல்லோருக்கும் வருகிற வாந்தி! இதற்குக்கூட ஒருத்தி சந்தோஷப்படுவாளா.

எஸ்தர் அக்கா கேட்டிலேயே நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர், என்னைவிட வேகமாக நடக்கிறவர். "வா கண்ணு. என்னமோ பலகையில பறக்கப் போறியாமா? எனக்கும் ஒண்ணு குடு."

கேரட், பீன்ஸ், மொச்சை போட்டுச் சூடான குழம்பு. இரண்டு கம்பளி. குளிரில் மூக்கு நுனி தொட்டால் என்னுடையது மாதிரியே இல்லை.

ஜனவரி 19. ஞாயிறு. ஊட்டி

மேகம். பனி விழவில்லை. புல் வெறுமனே ஈரம். வெறுமனே சேறு.

சர்ச்சுக்குப் போய் வந்தோம். மத்தியானம் எஸ்தர் அக்கா ஒரு பாக்கு மட்டை கொண்டுவந்தார். சிறுமுகையிலிருந்து தேங்காயோடு வந்ததாம். சின்ன வயதில் இதில் ஒருவர் உட்கார ஒருவர் இழுப்போமே. "உன் வெள்ளைக்காரன் இப்பத்தான் கண்டுபுடிச்சானாக்கும்? வட்டத் தட்டாம், தட்டு. இதவிட என்ன தட்டு வேணும்." ஈரப் புல்லில் உட்கார்ந்து சரசரவென்று போய்விட்டார். வேலியில்தான் நின்றார். ஸ்வெட்டரில் முழுக்க ஒட்டு முள். எழுந்து, "இன்னொருக்கா," என்றார்.

ஜனவரி 20. திங்கள். ஊட்டி

வெள்ளை. ஜன்னலைத் திறந்ததும் முழுச் சரிவும் உப்பு தூவியதுபோல வெள்ளை. வானம் சுத்தம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரருடைய பேண்ட், இடுப்பில் கயிறு. நானே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். தே. சிரிக்கவில்லை.

முதலில் வட்டத் தட்டு. உட்கார்ந்து போவது. பயமில்லை. புல் முறுமுறுவென்று நொறுங்குகிற சத்தம். இரண்டு முறை போனேன். எரிக்குக்கு எழுத: திருப்ப முடியவில்லை, தட்டு தானாகச் சுற்றுகிறது. (தட்டுச் சுற்றியது. தலை சுற்றவில்லை!)

அப்புறம் கயிற்றுப் பலகை. நின்றேன், கயிறு இடது கையில். வலது முழங்கையில் தே.வின் கை. பலகை நகர்ந்தது. அவ்வளவுதான். நான் கீழே போகிறேன், அவர் கை மேலேயே நிற்கிறது. இழுத்தார், சாய்ந்தேன், இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர். மறுபடி ஏறினேன். மறுபடி பலகை நகர்ந்ததும் அவர் பிடி இறுகியது, மறுபடி சாய்ந்தேன். மூன்றாம் தடவை அவருக்கு முழங்கை சிராய்த்து ரத்தம்.

எஸ்தர் அக்கா மேலே நின்று கத்தினார். "டேய் தேவு! உட்றா அவள! நீ புடிக்கறதுனாலதான்டா அவ உழுகறா!"

தே. அப்படியே நின்றுவிட்டார். அக்கா வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் தே.வின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. சின்னக் குரலில் என்னிடம் கேட்டார்.

"நெசமாவா அம்மணி? நான் புடிக்கறதுனாலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், உங்கள் கை இல்லாவிட்டால் நான் இல்லை என்று.

"அப்ப நீங்க புடிக்கலைன்னா நான் இல்லீங்க. இப்ப விடுங்க."

"உழுந்துட்டீன்னா?"

"உழுந்தா எந்திரிக்கறனுங்க. அன்னிக்கு ஐஸ்ல பாத்தீங்கல்ல."

கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டார்.

சின்னப் பலகையை எடுத்தேன். கயிறு இல்லை, வார் இல்லை, சுவர் இல்லை, ஜன்னல் கம்பி இல்லை. சொரசொரப்பு ஷூவின் அடியைக் கவ்வியது. மெதுவாகத்தான் நகர்ந்தது. புல்தானே, எரிக் ஊர்ப் பனி இல்லை. பிறகு கொஞ்சம் வேகம். முழங்காலை மடக்கினேன். யாரும் சொல்லித் தரவில்லை, பஸ்ஸில் நின்று நின்று பழகிய கால் தானாக மடங்கியது. காதில் காற்று. எதையும் பிடிக்காமல், எதுவும் என்னைப் பிடிக்காமல், கண்ணைத் திறந்துகொண்டே போனேன். ஊட்டி முழுவதும் அதனதன் இடத்தில் இருந்தது. நான் மட்டும் நகர்ந்தேன்.

வேலிக்கு முன்னால் பலகை நின்றது. நான் இறங்கி நடந்தேன். விழவில்லை!

அழுதேன். சத்தமாக. எஸ்தர் அக்கா மேலேயிருந்து கைதட்டினார். தே. கீழே இறங்கி வந்தார், ஓடி வரவில்லை. பக்கத்தில் வந்து நின்று, என்னைத் தொடாமல், வெள்ளைப் புல்லில் பலகை போட்ட கறுப்புக் கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நேரா வந்திருக்க," என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வெயில் ஏறும்வரை போனேன். நிறைய விழுந்தேன். பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முருகேசன் சொன்னது சரிதான்.

ஜனவரி 23. வியாழன்

கணபதி. லேத் சத்தம் கேட்டதும் வீடு வந்த நிம்மதி.

எரிக்குக்கு ஒரு பக்கம் எழுதினேன், தே. டைப் அடிக்கக் கொடுத்தார். பலகைகளோடு கூரியரில் போகிறது. தட்டுக்குக் கைப்பிடி வேண்டும். கயிறு இன்னும் நீளமாக. சின்னப் பலகை மேல்பக்கம் மிக நன்று, காலை விடவே இல்லை, வேண்டும்போது விட்டது. ஓர வார்னிஷ் எங்கள் பட்டறையின் அன்பளிப்பு. கா.பாய்க்குப் படித்துக் காட்டினேன். நோன்புக் களைப்பிலும் சிரித்தார். சாயந்திரம் அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி. என்ன மணம்!

எச்.எம்.முக்கும் எழுதிவிட்டேன். வருகிறேன் என்று. தபால் பெட்டி சத்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம். தே. பட்டறையில் இருந்தார், கூப்பிடவில்லை. ரோட்டோரம் ரொம்ப நேரம் நின்றேன். லாரி, டவுன் பஸ், லாரி. ஒரு அம்மாள் கேட்டாள், "ஏனுங்க, தாண்டணுமுங்களா?" ஆமாம் என்றேன். "வாங்க," என்று அவள் நடந்தாள். அவள் கையை நான் பிடிக்கவில்லை, பக்கத்தில் நடந்தேன். திரும்பும்போது யாரும் இல்லை. தாண்டினேன். நடு ரோட்டில் ஒரு நொடி தலை லேசாக ஆடியது. முழங்காலை மடக்கினேன், நின்றுவிட்டது. யார் பார்த்திருந்தாலும் பைத்தியம் என்றிருப்பார்கள்.

தே.விடம் சொன்னேன். "தனியாவா?" என்றார். கொஞ்சம் கழித்து, "சொல்லியிருந்தா வந்திருப்பனே," என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "நல்லதுதான்," என்றார். மூன்றும் உண்மை.

ஜனவரி 30. வியாழன்

எரிக்கின் ஃபேக்ஸ். பலகைகள் பிடித்திருக்கின்றன, ஓரம் ரொம்ப அழகு, யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். கா.பாய் அந்தத் தாளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு புடவைக்குக் கஞ்சி போட்டேன். புது இஸ்திரிப் பெட்டி வாங்கியாயிற்று.

தே. இந்த வாரம் முழுக்கப் பேச்சு குறைவு. கோபம் இல்லை. நடக்கும்போது என் வலது பக்கம்தான் வருகிறார், முழங்கை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டியபடி.

பிப்ரவரி 2. ஞாயிறு

சர்ச். மேகமில்லை, நல்ல வெயில்.

எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இரண்டு வருஷமாகப் பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் ஒரே ஓர் ஆண். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது நான் விழாமலிருக்க. கிழவிகள்கூடக் கேலி செய்திருக்கிறார்கள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை அவர்.

இன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவர் வழக்கம்போல என்னோடு இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க," என்றேன். "நீங்க உங்க பக்கம் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தார், முதல்முறை வருகிறவர்போல. அவருடைய பழைய பெஞ்சில் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். யாரோ அவர் முதுகில் தட்டினார்.

நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். முன் பெஞ்சைத் தொடவில்லை. கையில் பாட்டுப் புத்தகம் மட்டும்.

முதல் சரணம்வரை தாங்கினேன். அப்புறம் அந்தப் பக்கம் பார்த்தேன். எல்லா ஆண்களும் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள். அவர் பாடவில்லை. புத்தகமும் திறக்கவில்லை. அத்தனை தலைகளுக்கும் நடுவே என் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து, எந்தச் சரணம் என்றுகூடத் தெரியாமல், பெரிய குரலில் பாட ஆரம்பித்தார்.